பள்ளத்தாக்கில் நாயும் யாழ்ப்பாணத்து இராகு காலமும்

தொலைபேசியில் கூப்பிட்டவர் முதலில் என் வண்டியைத்தான் நலம் விசாரித்தார். "வாகனம் எப்பிடி, நல்லா ஓடுதோ?" என்றார். நான் எப்படி, என் மனுசி எப்படி என்பதெல்லாம் பிறகு. அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. முதல் பிள்ளை வயிற்றிலேயே கலைந்து, இது இரண்டாவது. அது அவருக்குத் தெரியும். இருந்தும் வண்டிக்குத்தான் முதலிடம்.

அவர் ஒரு கணக்காளர். எழுபதுகளின் நடுவில் சிட்னியில் எங்கள் ஆட்களை ஒரு வீட்டு விறாந்தையில் இருத்திவிடலாம். டாக்டர், எஞ்சினியர், கணக்காளர் என்று எல்லாரும் படித்த கூட்டம். அந்தக் கூட்டத்தில் எண்ணெய்க் கையோடு நின்றவன் நான் ஒருவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது, நானும் அதைக் கைவிட்டேன். யாழ்ப்பாணத்தில் லொறி, கொழும்பில் கப்பல் திருத்தும் இடம், சிங்கப்பூரில் இரண்டு வருடம். வெள்ளைக்காரன் எங்கள் நிறத்துக்கும் கதவைத் திறந்த கையோடு ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பிளாக்டவுனில் ஒரு பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத வராது. ஆனால் எந்த எஞ்சினையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவேன். படித்தவர்கள் வாடகை வீட்டில் குளிரில் நடுங்கியபோது வென்ட்வேர்த்வில்லில் சொந்த வீடு வாங்கியவன் நான். ஸ்டேஷன் வாகன் வைத்திருந்ததும் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான். இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

விஷயம் இதுதான். கணக்காளரின் மாமனார் யாழ்ப்பாணத்திலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அவருக்குச் சிட்னிக்கு மேற்கே இருக்கிற நீலமலையும் அருவிகளும் பார்க்க வேண்டுமாம். கணக்காளரின் கார் சின்னது, மலை ஏறாது என்றார். கார் ஏறும், அவருக்குத்தான் வளைவுகளில் ஓட்டப் பயம் என்பது எனக்குத் தெரியும். "ஒரு சனி ஞாயிறு, ரெண்டு குடும்பமுமாய்ப் போட்டு வருவம்" என்றார்.

"நாயும் வரும்" என்றேன்.

"நாய் என்னத்துக்கு?" என்றார்.

"நான் என்னத்துக்கோ அதுக்குத்தான்."

அந்த நாய் நான் வேலை செய்த பட்டறையின் காவல் நாய். நீலமும் சாம்பலும் கலந்த நிறம், மாடு மேய்க்கிற சாதி. பட்டறை இடம் மாறியபோது அதைச் சுட்டுவிடுவதாக முதலாளி சொன்னார். நான் கயிற்றைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். அதற்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று இருந்தது, என் வாயில் நுழையவில்லை. "டேய்" என்று கூப்பிடுவேன். அதற்கு அது போதும், ஓடிவரும். நான் இரவு வேலைக்குப் போகும் நாட்களில் என் மனுசி தனியாகப் படுப்பாள், வாசலில் அது படுக்கும். இந்த ஊரில் எங்கள் வீட்டுக்கு அழைக்காமலே வந்த ஒரே விருந்தாளி அதுதான்.

கடைசியில் கணக்காளர் ஒத்துக்கொண்டார். வேறு வழியில்லை, வண்டி என்னுடையது. ஆனால் ஒரு நிபந்தனை. "சனிக்கிழமை ஒன்பது மணிக்கு இராகு காலம். அதுக்கு முதல் வெளிக்கிட வேணும். ஞாயிறு திரும்பிறதெண்டால் நாலரைக்கு முதல். மாமா பஞ்சாங்கத்தோடைதான் வந்தவர்."

இராகு காலத்தில் பயணம் தொடங்கக்கூடாது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. லொறியில் நின்ற காலத்தில் எங்கள் முதலாளி அந்த ஒன்றரை மணித்தியாலமும் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மரத்தடியில் படுத்துவிடுவார். என் மனுசிக்கோ முதல் பிள்ளை போனதிலிருந்து அந்தப் பயம் இரட்டிப்பு. அவள் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு இராகு காலத்தில் வீட்டை விட்டு இறங்கினாள் என்று யாரோ கணக்குப் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். சொன்ன ஆளை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை எட்டரைக்கு எல்லாரும் ஏறினோம். தலைமை ஆசிரியர் கழுத்தைச் சுற்றி மப்ளர், தலையில் கம்பளித் தொப்பி, மடியில் ஒரு தோல் பை. முன் சீட்டு அவருக்கு. பின் சீட்டில் கணக்காளர், அவர் மனைவி, என் மனுசி. அதற்கும் பின்னால் சட்டி, பானை, ஸ்டவ், போர்வை மூட்டைகளுக்கு நடுவில் நாய். ஏறியதிலிருந்து கணக்காளரின் மனைவி மூக்கில் கைலேஞ்சியை வைத்திருந்தார்.

"அண்ணை, இதைக் குளிப்பாட்டிறேல்லையோ?"

"நேற்றுத்தான் குளிப்பாட்டினனான் அக்கா. உங்கடை சம்பல் போத்தில்தான் திறந்துபோய்க் கிடக்கு. அந்த மணம்."

உண்மையிலேயே சம்பல்தான். போத்தில் மூடி இறுக்கப்படவில்லை. என் மனுசி குனிந்து சிரித்தாள். கணக்காளர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தலைமை ஆசிரியர் மட்டும் திரும்பி, "நாயும் வைரவற்றை வாகனந்தானே பிள்ளை" என்றார். நல்ல மனிதர் என்று அப்போது நினைத்தேன். பெரிய பிழை.

மலையில் கட்டூம்பா ஊருக்கு அப்பால் ஒரு பலகை வீடு வாடகைக்கு எடுத்திருந்தோம். வீட்டுக்காரி வயதான வெள்ளைக்காரி. நாயைக் கண்டதும் குனிந்து அதன் காதைச் சொறிந்துவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் படுக்க விடச் சொன்னாள். வீட்டுக்காரியே சொன்ன பிறகும் கணக்காளரின் மனைவி விடவில்லை. குசினிக்குள் நாய் வந்தால் தான் சமைக்கமாட்டேன் என்றார். சமைக்காமல் விட்டிருக்கலாம், அந்தப் புட்டு அப்படி. நாயை வண்டிக்குள் இரண்டு போர்வை விரித்துப் படுக்க வைத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெள்ளை. வண்டிக் கண்ணாடியில் பனி ஒரு விரல் தடிப்பு. உள்ளே நாய் என்னைக் கண்டு வாலை ஆட்டியது. எனக்கு வந்த கோபத்தில் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவினேன்.

அந்த நேரம் தலைமை ஆசிரியர் முற்றத்தில் கிழக்குப் பார்த்து நின்றார். மலை விளிம்பில் சூரியன் தலை காட்டும்வரை காத்திருந்து கும்பிட்டார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஏழு மணி. இஞ்சை சூரியனுக்கும் சோம்பல்" என்றார். நானும் சிரித்தேன்.

பத்து மணிக்கு வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, சாமான்களை ஏற்றிக்கொண்டு அருவி பார்க்கப் போனோம். அருவிகளைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். மலையைக் கோடாலியால் பிளந்ததுபோல் ஒரு பள்ளம். அதன் வாயில் ஓர் ஓடை வந்து விழுகிறது. ஒரே பாய்ச்சலாக அல்ல, படிப்படியாக. முதல் படியில் விழுந்து, ஒரு பாறைத் தட்டில் தங்கி, பிறகு அடுத்த பாய்ச்சல். கீழே பார்த்தால் மரத்தின் உச்சிகள் கீரைப் பாத்திபோல் தெரியும். பக்கத்தில் பாறையில் வெட்டிய படிகள், இரும்புக் கைபிடி. நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டால் கொண்டுபோகலாம் என்று பலகையில் எழுதியிருந்தது. கணக்காளரே வாசித்துச் சொன்னார், வேண்டாவெறுப்பாக.

மேலே வாகனம் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் மர மேசை போட்டிருந்தார்கள். ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டைத் திறந்தோம். நாயை மேசைக் காலில் நானே கட்டினேன். கப்பலில் படித்த முடிச்சு. யானை இழுத்தாலும் இறுகும், நான் ஒரு விரலால் தட்டினால் அவிழும். வண்டியிலிருந்து தேநீர்ப் போத்திலை எடுத்துவரப் போனேன். ரேடியேட்டருக்குத் தண்ணீர் போதுமா என்றும் பார்த்தேன். பத்து நிமிடம் இருக்காது.

திரும்பி வந்தபோது மேசைக்காலில் நாய் இல்லை.

"எங்கை நாய்?"

"சாப்பாட்டு மேசையிலையோ கட்டிறது?" என்றார் கணக்காளரின் மனைவி. "இவர் அங்காலை கொண்டுபோய்க் கட்டினவர்."

கணக்காளர் ஒரு மரத்தைக் காட்டினார். மரம் நின்றது. நாய் இல்லை, கயிறும் இல்லை.

"ஒரு வாலபி, அந்தக் குட்டிக் கங்காரு, பாஞ்சு போச்சுது" என்றார் கணக்காளர். "இது இழுத்திது. முடிச்சு அவிண்டு போச்சுது."

"என்ன முடிச்சுப் போட்டனீங்கள்?"

"முடிச்சுத்தான்."

"சப்பாத்துக்குப் போடுற முடிச்சோ?"

அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடத் தொடங்கினார். அதுதான் பதில். இரண்டு பட்டம், லண்டன் சோதனை பாஸ், சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ். ஒரு நாயை மரத்தில் கட்டத் தெரியாது. கட்டத் தெரியாதவர் ஏன் அவிழ்த்தார்? இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறுகிறது.

இரண்டு மணிக்குத் தேடத் தொடங்கினேன். காட்டுப் பாதையில் ஒரு மைல் போனேன், திரும்பினேன், ஓடைக் கரையால் போனேன். "டேய்! டேய்!" என்று நான் கத்தியது பள்ளத்தில் மோதித் திரும்பி வந்தது. எதிரே வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்தக் குளிரில் இரவு வெளியே கிடந்தால் நாய் விடியக் கட்டையாகிவிடும். காலையில் அந்தப் புல்லைப் பார்த்தவன் நான். இருட்டுக்கு முன் கண்டுபிடிக்காவிட்டால் நாய் இல்லை, அவ்வளவுதான்.

மூன்றரை மணிக்குக் குரைப்புக் கேட்டது. படிகளில் இறங்கி, மூன்றாவது வளைவில் கைபிடிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். கீழே ஓர் ஆள் உயரத்துக்கும் அதிகமான ஆழத்தில், அருவியின் முதல் படிக்குப் பக்கத்தில் ஒரு பாறைத் தட்டு. அதில் நாய். ஈரத்தில் வழுக்கி விழுந்திருக்கிறது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றது. அருவியின் சாரல் அதன் மேல் மழைபோல் அடித்தது. இரண்டு அடி பின்னால் வைத்தால் அடுத்த பாய்ச்சல், கீரைப் பாத்திவரை போகலாம்.

"அசையாதை! கயிறு கொண்டு வாறன்!" என்று தமிழில் சொன்னேன். அது குந்தியது.

மேலே ஓடினேன். வண்டியில் இழுவைக் கயிறும் கித்தானும் இருந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது மணி நான்குக்கு ஐந்து நிமிடம் இருக்கும். மேசை துடைத்திருந்தது. நாலு பேரும் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். தலைமை ஆசிரியர் முன் சீட்டில், மடியில் பஞ்சாங்கம், கையில் கடிகாரம்.

"தம்பி, எடும் வாகனத்தை. நாலரைக்கு இராகு காலம்."

"நாய் கீழை நிக்குது மாஸ்ரர். கால் முறிஞ்சிருக்கு. அரை மணித்தியாலம் தாங்கோ."

"அரை மணித்தியாலம் எண்டு சொல்லி ஒரு மணித்தியாலம் ஆகும். பிறகு ஆறு மணிக்குத்தான் வெளிக்கிடலாம். இருட்டிலை இந்த வளைவிலை போறதோ?"

"நாளைக்குக் காலமை ரெலிபோன் எடுத்துச் சொல்லுவம்" என்றார் கணக்காளர் பின்னாலிருந்து. "இந்த ஊரிலை அதுக்கெல்லாம் ஆக்கள் இருக்கினம்."

"நாளைக்குக் காலமை எடுக்கிறதுக்கு அங்கை என்ன இருக்கும்?"

"நீர் ஒரு நாய்க்காக ஒரு பிள்ளைத்தாச்சியைக் குளிருக்குள்ளை வைச்சிருக்கிறீர்" என்றார் கணக்காளர்.

என் மனுசியை வண்டிக்குப் பிறகு விசாரித்த மனிதன். இப்போது அவளை எடுத்துக் கேடயமாகப் பிடிக்கிறார். நான் கதவைத் திறந்து அவரை வெளியே இழுத்திருப்பேன். அதற்குள் மனுசி ஜன்னலை இறக்கினாள். கண் கலங்கியிருந்தது.

"இஞ்சாருங்கோ. எனக்கும் அதை விட்டிட்டுப் போக மனமில்லை. ஆனால் இராகு காலத்திலை மட்டும் வெளிக்கிட வேண்டாம். நான் ஏலாமல் சொல்லுறன்."

அவள் கை வயிற்றில் இருந்தது. மற்றவர்களை நான் தூக்கி எறிந்துவிடுவேன். அவளை என்ன செய்வது?

அப்போதுதான் எனக்கு அந்த விஷயம் தட்டியது. இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. நான் பட்டறை முற்றத்தில் வேலை செய்கிறவன். இங்கே பனிக்காலமான ஆனி ஆடியில் இருட்டோடு போய் விளக்குப் போட்டு வேலை தொடங்குவேன். ஐந்து மணிக்கு மறுபடி விளக்குப் போடுவேன். சிட்னியில் பகல் எவ்வளவு நீளம் என்று என் கைக்குத் தெரியும். லொறி முதலாளிக்கு ஐயர் சொன்னதும் காதில் கிடந்தது. பகலை எட்டாகப் பிரிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பங்கு இராகுவுக்கு. நாலரை என்பது கடிகாரத்தின் சொத்தா, சூரியனின் சொத்தா?

"மாஸ்ரர்" என்றேன். "இண்டைக்கு எத்தினை மணிக்குச் சூரியனைக் கும்பிட்டனீங்கள்?"

"ஏழு மணி. நீரும் நிண்டனீர்தானே."

"நேற்று எத்தினை மணிக்குச் சூரியன் பட்டது?"

"அஞ்சு மணி. நான்தானே விளக்குக் கொளுத்தச் சொன்னனான்."

"அப்ப பகல் எத்தினை மணித்தியாலம்?"

அவர் என்னைப் பார்த்தார். வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிறவன் எழும்பிக் கேள்வி கேட்டால் வாத்தியார் பார்க்கிற பார்வை.

"பத்து."

"யாழ்ப்பாணத்திலை?"

"பன்னிரண்டு. கொஞ்சம் முன்னுக்குப் பின்னுக்கு."

"பன்னிரண்டை எட்டாப் பிரிச்சால்தானே ஒன்றரை வரும், நாலரை வரும்? பத்தை எட்டாப் பிரியுங்கோ. கடைசிப் பங்கு எப்ப தொடங்குது?"

தலைமை ஆசிரியர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். பஞ்சாங்கத்தின் அட்டையில் எழுதினார். எனக்குப் பென்சில் தேவைப்படவில்லை. அறுநூறு நிமிடம், எட்டில் ஒரு பங்கு எழுபத்தைந்து. ஐந்து மணியிலிருந்து பின்னால் எண்ணினால் மூன்றே முக்கால்.

"மூண்டே முக்கால்" என்றார் அவர் மெதுவாக. கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு மணி. "இராகு காலம் தொடங்கிக் கால் மணித்தியாலம்."

"ஐயோ" என்றார் கணக்காளரின் மனைவி.

"மாமா, பஞ்சாங்கத்திலை நாலரை எண்டுதானே கிடக்கு?"

"பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குப் போட்டது மாப்பிள்ளை. இந்தச் சூரியனுக்கு இல்லை."

"அப்ப நீங்கள் கீழை இறங்கிறதும் இராகு காலத்திலைதானே?" இது என் மனுசி. அவளுக்கு எல்லாப் பக்கத்தாலும் பயம்.

"நான் ரெண்டு மணிக்கே தொடங்கின வேலை. தொடங்கின வேலையைத் தொடரலாம். கேள் மாஸ்ரரை."

"தொடரலாம்" என்றார் மாஸ்ரர்.

கணக்காளர் அதைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நாங்களும் நேற்றே தொடங்கின பயணந்தானே? தொடரலாம்! எடும் வாகனத்தை!"

"அது போற பயணம், இது வாற பயணம். ரெண்டும் வேறை" என்றார் மாமனார். "இறங்கும் மாப்பிள்ளை. தம்பிக்குக் கயிறு பிடிக்க ஒரு ஆள் வேணும்."

கணக்காளரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காலில் புதுத் தோல் சப்பாத்து. இறங்கினார்.

படிகளில் முன்னால் நான், தோளில் கயிறு, கக்கத்தில் கித்தான். பின்னால் அவர் இரண்டு கையாலும் கைபிடியைக் கட்டிப்பிடித்தபடி. பள்ளத்துக்குள் வெயில் இல்லை. மேலே மலை நெற்றியில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். நாய் அதே இடத்தில் குந்தியிருந்தது. குரைக்கவில்லை, நடுங்கியது. இரும்புக் கைபிடியை உலுக்கிப் பார்த்தேன், நம்பவில்லை. பாறை இடுக்கில் நின்ற ஒரு மரத்தில் கயிற்றைக் கட்டப் போனேன்.

"நான் கட்டட்டோ?" என்றார் கணக்காளர்.

"கட்டினது காணும் அண்ணை. நீங்கள் பிடிச்சால் போதும்."

கட்டி முடித்துக் கயிற்றில் இறங்கினேன். பாறை சவர்க்காரம் பூசியதுபோல். இடது முழங்காலில் தோல் உரிந்தது. நாயின் பக்கத்தில் போய் நின்றபோது அது என் கையை நக்கவில்லை. பற்கள் அடித்துக்கொண்டிருந்தன, நக்க முடியவில்லை. எஞ்சினைத் தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. பாரம் எங்கே இருக்கிறது என்று முதலில் கை வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு முன்னால் ஒரு சுற்று, பின்னால் ஒரு சுற்று, நடுவில் மேலே ஒரு முடிச்சு. பிசகினால் எஞ்சின் தலைகீழாகும். கித்தானை நாயின் வயிற்றுக்குக் கீழே கொடுத்து, முறிந்த காலை உள்ளே மடக்கி, அதே முறையில் கட்டினேன்.

"இழுங்கோ! மெல்லமாய்! நான் சொல்லேக்கை நிப்பாட்டுங்கோ!"

"பாரம்!"

"உங்கடை மனுசியின்ரை புட்டை விடப் பாரமில்லை! இழுங்கோ!"

இழுத்தார். மூச்சு வாங்க, கடவுளைக் கூப்பிட்டு, இழுத்தார். நாய் அசையாமல் மேலே போனது. கைபிடிக்குள் போய் விழுந்ததும் உடம்பை ஒரு உதறு உதறியது. அருவித் தண்ணீர் முழுவதும் கணக்காளரின் முகத்தில். பிறகு கயிற்றை எனக்குப் போட்டார். அதை மட்டும் சரியாகச் செய்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாயைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே வந்தபோது தலைமை ஆசிரியர் வண்டிக்கு வெளியே நின்று மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் விளிம்பில் ஒரு நகக்கண் அளவு. "ஏறுங்கோ, ஆனால் எஞ்சினை எடுக்காதையும்" என்றார். எல்லாரும் ஏறி, மூச்சுவிடாமல் இருந்தோம். மனுசி தன் ஸ்வெற்றரைக் கழற்றி நாயைச் சுற்றினாள். சூரியன் போனது. "இப்ப எடும்" என்றார். எடுத்தேன். வளைவுகளை இருட்டில் ஓட்டினேன். ஒரு பிரேக்குக்கூட அவசரமாகப் போடவில்லை.

நாயின் கால் முறிவு நேராகச் சேர்ந்தது. கொஞ்சம் நொண்டும், அவ்வளவுதான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வீட்டில் பஜனை. சிட்னித் தமிழர் முழுப்பேரும் வந்திருந்தார்கள். சுண்டல் கொடுத்த பிறகு தலைமை ஆசிரியர் எழுந்து தொண்டையைச் செருமினார். கணக்காளர் ஒரு கட்டுத் தாளை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். அலுவலக மெஷினில் பிரதி எடுத்தது. தலைப்பு, "சிட்னி நகருக்கான இராகு கால அட்டவணை." பன்னிரண்டு மாதம், ஏழு நாள், கட்டம் கட்டமாக. கீழே வலப்பக்கத்தில் "கணித்தவர்" என்று போட்டு அவருடைய பெயர், பட்டம், ஓய்வுபெற்ற பதவி.

"நீலமலையிலை ஒரு பின்னேரம் சூரியனைப் பார்த்துக்கொண்டு நிக்கேக்கை எனக்கு இது தோன்றினது" என்றார் சபைக்கு.

கைதட்டினார்கள். ஒரு டாக்டர், "படிச்ச மனுசனுக்குத்தான் இதெல்லாம் தட்டும்" என்றார்.

நான் எழுந்தேன். மனுசி சட்டையைப் பிடித்து இழுத்தாள். எழுந்துவிட்டேன். "மாஸ்ரர், உங்களுக்கு எப்ப தோன்றினது? நாயை விட்டிட்டு வரச் சொல்லி வாகனத்துக்குள்ளை இருந்த நேரமோ?"

சபை என்னைப் பார்த்தது. கணக்காளர் தன் சப்பாத்தைப் பார்த்தார். தலைமை ஆசிரியர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சிரித்துக்கொண்டு, "தம்பியும் உதவி செய்தவர். வாகனம் அவற்றைதானே" என்றார்.

எல்லாரும் சிரித்து, எனக்கும் கைதட்டினார்கள். வண்டிக்காக.

அட்டவணையை நான் கிழித்திருப்பேன். மனுசி வாங்கிக்கொண்டுபோய்க் குசினிச் சுவரில் ஒட்டிவிட்டாள். அந்த வருடம் எல்லா வீட்டுச் சுவரிலும் அதுதான். தலைமை ஆசிரியர் மாலை மரியாதையோடு யாழ்ப்பாணம் போனார். எங்களுக்கு மகன் பிறந்தான், சுகப் பிரசவம். ஒரு நாள் குசினியில் தேநீர் குடித்துக்கொண்டு அந்தத் தாளைப் பார்த்தேன். கோடை மாதங்களின் கட்டங்களில் கண் நின்றது. இந்த ஊரில் கோடை தொடங்கியதும் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளிவிடுவார்கள். பனிக்காலத்தில் வந்து பனிக்காலத்தோடு போனவருக்கு அது எப்படித் தெரியும்? கோடைக்கட்டம் முழுவதும் ஒரு மணித்தியாலம் பிழை. அட்டவணைப்படி நல்ல நேரம் என்று சிட்னித் தமிழர் எல்லாரும் வேலைக்கும் கல்யாணப் பேச்சுக்கும் வீடு பார்க்கவும் சுத்தமான இராகு காலத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

சரியான நேரத்தை மனுசிக்கு மட்டும் சொன்னேன். அவள் திடுக்கிட்டுப் போனாள்.

"மற்றச் சனத்துக்குச் சொல்லேல்லையோ?"

"கணித்தவர் எண்டு கீழை பெயர் கிடக்குத்தானே. அவரைக் கேக்கச் சொல்லு."